தடையை அகற்றவும்

அந்த டிராக்டரில் உட்கார இடமே கிடையாது. முதல் நாளிலிருந்தே அவனுக்குப் பிடிக்காத விஷயம் அதுதான். ஸ்டியரிங் இல்லை, கூரை இல்லை. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளக்கூட வழியில்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய பெட்டி, நாலு சக்கரம், பின்னால் கலப்பை, முன்னால் இரண்டு கேமரா. சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் ஒரு கம்பெனி வளைத்துப் போட்ட பிறகு, கொஞ்ச நாளாக அது பக்கத்து வயலில் தன்னந்தனியாக உழுதுகொண்டிருந்தது. அவனுடைய வரப்பு வரைக்கும் வரும், நின்று யோசிப்பதுபோல் ஒரு கணம் உறுமும், திரும்பிப் போய்விடும். கோடு போட்டாற்போல் உழவு. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்ப்பான். பார்த்துவிட்டு, பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் படுவான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். அடுக்குமாடிக் கட்டடங்களின் இருட்டுக் குழிகளில் தொங்கிக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவன். ஒரு கட்டத்தில் போதும் போதும் என்றாகிவிட்டது. நாம் சாப்பிடுவதை நாமே விளைவிக்க வேண்டும், நம் கையால் செய்ய முடியாத எதையும் நம்பிப் பிழைக்கக் கூடாது என்று பேச ஆரம்பித்தான். கூட வேலை பார்த்தவர்கள் கேட்டுக் கேட்டுக் காது புளித்து அவனுக்குத் 'தன்னிறைவு' என்று பேர் வைத்துவிட்டார்கள். "தன்னிறைவு இன்னைக்கு லீவா?" என்று சூப்பர்வைசரே கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. கடைசியில் ஒருநாள் நிஜமாகவே வேலையை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே அரை ஏக்கரும் அதன் மூலையில் இருந்த இரண்டு அறை வீடும் வாங்கிக் குடிவந்துவிட்டான். மோட்டார் கிடையாது, கைப்பம்புதான். மண்வெட்டி, கடப்பாரை, ஒரு தள்ளுவண்டி, ஒரு ஆடு, சில கோழிகள். வெங்காயம், பீன்ஸ், தக்காளி, பூசணி, உருளைக்கிழங்கு. உப்பும் தீப்பெட்டியும் தவிரக் கடையில் எதுவும் வாங்குவதில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லுவான்.

அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் அந்த வேலையை விடவில்லை. "நம்ம தன்னிறைவு மாசா மாசம் ஆஸ்பத்திரியில இருந்துதான் வருது" என்று அவன் மாமியார் மகளிடம் ஒருமுறை சொன்னது அவன் காதில் விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டான்.

மாமியார் ஒரு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டோடு வந்துவிட்டாரே தவிர, மண்ணோடு ஒட்டவில்லை. தோட்டத்துக்குள் வந்தால் செருப்பைக் கழற்ற மாட்டார். அலமாரியில் உப்பு டப்பாவுக்குப் பின்னால் பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்தார் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மற்றபடி இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "சாப்பிட வாங்க மாப்பிள்ளை." "வரேன் அத்தை." அவ்வளவுதான். அந்த மரியாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு இரண்டு பேரும் சௌக்கியமாகவே இருந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் மனைவி ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போன பிறகு அவன் பூசணிக் கொடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். டிராக்டர் வழக்கம்போல வரப்பு வரை வந்தது. வழக்கம்போல ஒரு கணம் உறுமியது. ஆனால் திரும்பவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி வரப்பின்மேல் வைத்து, இறங்கி, வெங்காயப் பாத்திக்குள் வந்துவிட்டது.

அவனுக்கு முதலில் கத்தத்தான் தோன்றியது. "டேய்! டேய்! நிறுத்துடா!" என்று ஓடினான். பக்கத்தில் போனதும் யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியவில்லை. கேமராவைப் பார்த்துக் கத்தினான். பிறகு சக்கரத்தைப் பார்த்து. அது அவன் பக்கத்தில் ஓடி வருவதற்குத் தகுந்தமாதிரி கொஞ்சம் வேகத்தைக்கூடக் குறைத்துக்கொண்டது. குறைத்துக்கொண்டு, நிதானமாக, வெங்காயத்தையும் அதை ஒட்டியிருந்த பீன்ஸ் வரிசையையும் அடியோடு புரட்டிப் போட்டுக்கொண்டே போனது. கையில் கிடைத்த மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். அது பட்டு உடைந்து உதிர்ந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் அத்தை சமையலறையிலிருந்து வெளியே வந்தார். கையில் கரண்டி. நிலவரத்தைப் பார்த்தார். செருப்போடு பாத்திக்குள் இறங்கி, நேராக நடந்து போய், டிராக்டருக்கு எதிரில் நின்றுகொண்டார்.

டிராக்டர் நின்றது.

"நின்னுடுச்சு மாப்பிள்ளை" என்றார், அவரே நம்பாத குரலில்.

"நகராதீங்க அத்தை! அப்படியே நில்லுங்க!"

லிஃப்டுக்கு ஒரு சிவப்பு பட்டன் இருந்தால் இதற்கும் இருக்கத்தான் வேண்டும் என்று பின்பக்கம் ஓடினான். இருந்தது. அமுக்கினான். உறுமல் அடங்கி, எங்கும் ஒரே நிசப்தம். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு பேரும் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் குடித்தார்கள். "பட்டன் எங்க இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று அத்தை கேட்டார். அவன் அதற்குப் பெருமையாகப் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டிராக்டர் தானாக ஒரு விசில் கொடுத்தது, விளக்கைச் சிமிட்டியது, விட்ட இடத்திலிருந்து உழ ஆரம்பித்தது.

அத்தை தம்ளரைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் மறுபடி அதற்கு எதிரில் நின்றார். அந்த வயதில் அவர் ஓடி அவன் பார்த்ததில்லை.

டிராக்டரின் விலாவில் ஒரு போன் நம்பர் இருந்தது. அவனிடம் போன் இல்லை, அதையும்தான் விட்டிருந்தானே. அத்தையின் போனில் கூப்பிட்டான். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று ஒரு குரல் அலைக்கழித்த பிறகு, கன்ட்ரோல் ரூமிலிருந்து ஒரு ஆள் லைனுக்கு வந்தார்.

"உங்க வண்டி என் தோட்டத்துல உழுதுட்டிருக்கு" என்றான்.

"ஒரு நிமிஷம் சார். பாத்துட்டேன். அது எங்க வயல்லதான் சார் நிக்குது."

"இது என் இடம்!"

"மேப்புல அப்படி இல்லையே சார். நேத்து வரைக்கும் ஒரு கோடு இருந்திருக்கு. இப்ப இல்ல."

"ஏன் இல்ல?"

"அது எனக்குத் தெரியல சார்."

"சரி, நான் சிவப்பு பட்டனை அமுக்கினேனே, யார் திரும்ப ஓட விட்டது?"

"நான்தான் சார். பழுது எதுவும் இல்லைன்னு காட்டிச்சு."

"நான் மறுபடி அமுக்கினா?"

"மறுபடி ஓட விடுவேன் சார்." இதை அவர் திமிராகச் சொல்லவில்லை. ரொம்ப வருத்தத்தோடுதான் சொன்னார். "வண்டி சும்மா நின்னா மேல இருந்து என்னைக் கேப்பாங்க. தடை இருக்குன்னா பரவாயில்ல, எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இப்பக்கூட முன்னால ஏதோ தடை இருக்குன்னுதான் காட்டுது. தடையை அகற்றவும்னு வருது. நீங்க அதை எடுத்துட்டீங்கன்னா, அது வேலையை முடிச்சிட்டு தானா போயிடும்."

"அந்தத் தடை என் மாமியார்" என்றான் அவன்.

மறுமுனையில் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆள், "அப்ப அவங்களை நிக்கச் சொல்லுங்க சார், ஆள் அனுப்பறேன்" என்றார். இன்றைக்குள் வந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அப்படியாக அவர்கள் முறைவைத்து நிற்க ஆரம்பித்தார்கள். வெயில் ஏற ஏற அவன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான், குடையைக் கொடுத்தான். அத்தை டிராக்டருக்கு எதிரில் உட்கார்ந்து, உழவில் சிதறிப்போன பீன்ஸையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டு உரித்தார். அது சலிக்காமல் உறுமிக்கொண்டு காத்திருந்தது. அவர் குனிந்தால் கேமரா குனிந்தது. அவர் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினால், அதற்கு ஏற்றமாதிரி சக்கரம் லேசாக அசைந்து மறுபடி நின்றது.

அவனுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கோழிக்குத் தீனி வைக்க வேண்டும், ஆட்டைக் கறக்க வேண்டும், பிடுங்கி எறியப்பட்ட வெங்காயத்தைப் பொறுக்க வேண்டும். தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்திப் பார்த்தான். டிராக்டர் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்த்து, போகிற வழியில் ஒரு தக்காளிச் செடியைச் சாய்த்தது. பழைய சட்டையும் வைக்கோலுமாக ஒரு பொம்மை செய்து நட்டான். அதையும் சுற்றப் பார்த்தது. பொருள் என்றால் சுற்றிப் போகும், உயிர் என்றால் நிற்கும். அதுவரைக்கும் அவனுக்குப் பிடிபட்டது. சரி என்று ஆட்டைக் கொண்டுவந்து எதிரில் கட்டினான். டிராக்டர் பிரமாதமாக நின்றது. ஐந்து நிமிடம் நிம்மதியாக இருந்தான். திரும்பி வந்து பார்த்தால், மிச்சமிருந்த பீன்ஸ் வரிசையை ஆடு பாதி முடித்திருந்தது.

"இதுக்கு அதுவே பரவாயில்ல மாப்பிள்ளை" என்று அத்தை டிராக்டரைக் காட்டிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்துவிட்டார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா இது என்று உடனே குழப்பமாகவும் இருந்தது.

மத்தியானம் அவன் முறை வந்தபோது ஒரு ஸ்பானரும் கட்டிங் பிளேயருமாகப் போய் நின்றான். பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். உள்ளே இருப்பது அவனுக்கு அந்நியமில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. கேமராவிலிருந்து வருகிற ஒரு கொத்து இருந்தது. அதை அறுத்தால் கதை முடிந்தது, கன்ட்ரோல் ரூமே தலைகீழாக நின்றாலும் அசையாது. அத்தை இன்னொரு நாற்காலியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெட்டப் போறீங்களா?"

"வெட்டலாம்."

"வெட்டுங்களேன். யாரு கேக்கப் போறா? அது நம்ம இடத்துக்குள்ளதானே வந்துச்சு."

அவன் ஸ்பானரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு, எங்கிருந்தோ, லிஃப்ட் கதவைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். மூடுகிற கதவுக்கு நடுவில் யாராவது கையை நீட்டினால் கதவு நிற்க வேண்டும். அதற்கு ஒரு கண் இருக்கும். அந்தக் கண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒவ்வொரு கட்டடத்திலும் அவன் தன் கையைத்தான் நீட்டிப் பார்ப்பான். "குச்சியை நீட்டிப் பாக்கணும்னு ரூல். நான் கையைத்தான் நீட்டுவேன். அது நிக்கும் அத்தை. அது நின்னாத்தான் எனக்கு வேலை முடிஞ்ச மாதிரி."

"ம்."

"இதுவும் நிக்குதே. நீங்க போய் நின்னதும் நின்னுச்சே. அந்தக் கண்ணைத்தானே நான் இப்ப வெட்டணும்?"

அத்தை டிராக்டரைப் பார்த்தார். "எனக்கு நிக்குது. சரி. வெங்காயத்துக்கு நிக்கலையே?"

கோபம் வர வேண்டிய இடம் இது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வரவில்லை. வராததற்காக ஒரு கோபம் வந்தது. அது யார்மேல் என்று தெரியவில்லை. மூடியைத் திரும்ப மாட்டி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். பழக்கதோஷம், தளர்ந்திருந்த இன்னொரு போல்ட்டையும் சேர்த்து முறுக்கிவிட்டான்.

வெயில் தாழ்கிற நேரத்தில் ஒரு வேன் வந்தது. தொப்பி போட்ட ஒரு பெண் இறங்கினாள். கம்பெனியின் டெக்னீஷியன். காலையிலிருந்து எத்தனை இடத்துக்கு அலைந்தாளோ, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நாற்காலியில் குடையோடு உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்ததும், "நீங்கதானா அந்தத் தடை?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை அவளுக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

அவள் கையிலிருந்த டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கோடு ஏன் காணாமல் போனது என்று அவளுக்கும் தெரியவில்லை. "சத்தியமா தெரியல அண்ணா. சில சமயம் இப்படி ஆகுது. கோட்டை நான் போட முடியாது, அது மேல இருக்கறவங்க போடணும், நாளாகும். ஆனா தடைன்னு போட்டுட்டா இப்பவே போயிடும்."

"என்ன தடைன்னு போடுவ?" என்றான்.

"மரம், பாறை, கிணறு, குளம். இதுல ஒண்ணுதான் போட முடியும்."

"தோட்டம்னு போடு."

"தோட்டம் தடையில்லையே அண்ணா. அதை உழும்."

"வீடு?" என்றார் அத்தை.

"வீடுன்னா ஆபீஸ்ல இருந்து வந்து சரிபாக்கணும். மரம்னா ஒரு புள்ளிதான், சுத்தி உழுதுடும். பாறைன்னா அதை எடுக்க வேற வண்டி வரும்." அவள் யோசித்தாள். "குளம்னு போட்டுடவா? குளத்துக்குள்ள எந்த வண்டியும் இறங்காது."

அவன் தன்னுடைய அரை ஏக்கரை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். கைப்பம்பு, கோழிக்கூடு, பூசணிக் கொடி, துணி காய்கிற கயிறு. "போடு" என்றான்.

அவள் விரலால் நாலு பக்கமும் வளைத்துக் கோடு இழுத்தாள். உள்ளே நீலம் நிரம்பியது. மறுநிமிஷம் டிராக்டர் பின்வாங்கியது. தண்ணீருக்குப் பயந்த பிராணியைப்போல மெதுவாக, வந்த தடத்திலேயே சக்கரத்தை வைத்து, வரப்பேறி இறங்கி, தன் வயலுக்குப் போய்விட்டது. அவளும் போய்விட்டாள்.

மனைவி சாயங்காலம் வந்து கதையைக் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நாம குளத்துலயா குடியிருக்கோம்?" என்றாள். அவனும் கூடச் சிரித்தான். படுத்த பிறகு, "உனக்கு இதுல கோபமே வரலையா?" என்று கேட்டான். "யார் மேலங்க?" என்றாள் அவள், தூக்கத்திலேயே.

அதைத்தான் அவனும் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் உழவு பட்ட துண்டில் போய் உட்கார்ந்தான். வெங்காயமும் பீன்ஸும் போனது போனதுதான். ஆனால் மண்ணில் கையை வைத்தால் மணிக்கட்டு வரைக்கும் இறங்கியது. அவன் மண்வெட்டியால் வெட்டிய இடத்தில் விரல் நுழைவதே பெரிய பாடு. அத்தனை ஆழத்துக்கு, அத்தனை பொடியாக, அவனால் ஒரு நாளும் செய்ய முடிந்ததில்லை. அந்தத் துண்டைச் சும்மா போட மனசு வரவில்லை, உருளைக்கிழங்கு ஊன்றினான். கொஞ்சம் தள்ளி, தான் முதுகு ஒடிய வெட்டிய துண்டிலும் அதே விதையை ஊன்றினான்.

செடி எழும்பிய பிறகு அத்தை ஒருநாள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. அந்தக் குளத்தைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னா என்ன?"

"என்னது?"

"இந்தப் பக்கம் பாதியை மட்டும் குளத்துல சேர்க்காம விடச் சொல்லுங்க. நாம அறுவடை முடிச்ச பிறகு, அந்த வண்டியே வந்து உழுதுட்டுப் போகட்டுமே. அதோட கணக்குல இது அவங்க வயல்தானே. உங்க முதுகு மிச்சம்."

அவனுக்குச் சுருக்கென்றது. "அதுக்கா நான் வேலையை விட்டுட்டு இங்க வந்தேன்?"

"எதுக்கு வந்தீங்கன்னுதான் எனக்கு இன்னைய வரைக்கும் தெரியல."

"உங்களுக்குப் புரியாது அத்தை!"

"புரியற மாதிரி ஒருதடவை சொல்லேன்!" என்று கத்திவிட்டார். 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனித்தார்கள். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் சொல்ல முயன்றான். கையால் செய்வது, யாரையும் நம்பாமல் இருப்பது, என்று ஏதேதோ சொன்னான். நகரத்தில் ஆயிரம் தடவை சொன்ன அதே வார்த்தைகள்தான். இப்போது ஒவ்வொன்றும் வாயிலிருந்து வரும்போதே தொளதொளவென்று இருந்தது. கடைசியில், "விளைச்சல் வரட்டும். ரெண்டு துண்டையும் தனித்தனியா எடுத்துப் பாப்போம். வண்டி உழுத பக்கம் நல்லா இருந்தா நானே போன் பண்றேன்" என்றான். அத்தை சரியென்று தலையாட்டினார்.

செடிகளை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. வண்டி உழுத பக்கம் தளதளவென்று வளர்ந்தது; மழை பெய்தபோது அங்கேதான் தண்ணீர் தேங்கிச் சிலது அழுகியது. அவன் வெட்டிய பக்கம் சவலையாக இருந்தது. அதில் ஒன்றுகூட அழுகவில்லை. சரி, கிழங்கே சொல்லட்டும் என்று காத்திருந்தான். அறுவடை அன்றைக்கு விடிந்ததிலிருந்து தோண்டி, இரண்டு கூடையில் தனித்தனியாக நிரப்பிச் சமையலறையில் வைத்துவிட்டு, கைகால் கழுவப் போனான். தராசு இரவல் வாங்கப் பக்கத்து ரோட்டுக் கடைக்கும் போய்விட்டு வந்தான்.

வந்து பார்த்தால் கூடை இரண்டும் காலி. கிழங்கு முழுவதும் ஒரே சாக்கில் இருந்தது.

"எறும்பு ஏறிடுச்சுன்னு மாத்தினேன்" என்றார் அத்தை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஞாபகம் வந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ. மாப்பிள்ளை. ஐயோ."

வேண்டுமென்றே செய்ததல்ல என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவன் சாக்கைத் தரையில் கவிழ்த்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்கள்.

"இது வண்டிப் பக்கம். பெரிசா இருக்கு பாருங்க."

"இல்ல அத்தை, இது என் பக்கம். இந்த மண்ணு ஒட்டியிருக்கறதைப் பாருங்க, கெட்டி மண்ணு."

"அப்ப இது?"

"இது... வண்டி. இல்ல, இருங்க."

முகர்ந்து பார்த்தார்கள். நகத்தால் கீறிப் பார்த்தார்கள். அத்தை மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். ஒரு குவியலிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டு, சந்தேகம் வந்து திரும்ப எடுத்து, வெயில் ஜன்னலை விட்டுப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இரண்டு குவியல் என்னவோ உருவாகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்த மனைவி வாசற்படியிலேயே நின்று, "என்ன ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? இதுல எது எது?" என்று கேட்டாள்.

அவன் ஒரு குவியலைக் காட்டக் கையைத் தூக்கினான். அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அத்தையைப் பார்த்தான். அவரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல சமையலைப் பாக்கலாம்" என்றாள் மனைவி, கைக்கு எட்டிய குவியலிலிருந்து நாலைந்தைப் பொறுக்கிக்கொண்டு.

அந்த வருஷம் அவன் கம்பெனிக்குப் போன் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று முடிவெடுத்தான் என்றும் சொல்ல முடியாது. அடுத்த உழவுக்கு நாள் நெருங்கியபோது மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். பாதித் துண்டு வெட்டியதும் முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர்ந்து நின்றுகொண்டு, மிச்சப் பாதியைப் பார்த்தபடி, இதை நாம் பிடித்துத்தான் செய்கிறோமா என்று கேட்டுப் பார்த்தான். பதில் எதுவும் வருவதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. நனைவதற்குள் முடித்துவிடலாம் என்று குனிந்தான்.